பழைய மூக்குக்கண்ணாடி, கூலிங் கிளாஸை என்ன செய்வது: பிரிப்பதிலிருந்து ஒப்படைப்பது வரை

மூன்று வருடமாக, போகிக்கு முந்தைய வாரத்தில் எங்கள் குடியிருப்பில் பழைய கண்ணாடிகளைச் சேகரிக்கிறேன். முதல் வருடம் வந்ததையெல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் கொட்டி ஒரு கண் பரிசோதனை முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பரிசோதகர் மேலாகக் கிடந்த ஏழெட்டை எடுத்துப் பார்த்தார். ஒன்றில் லென்ஸ் முழுக்கக் கீறல், ஒன்றில் காதுக் கம்பி இல்லை, ஒன்றில் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர். "இதை நான் யாருக்குக் கொடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்று பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் கேட்டது நியாயம்தான். என் வீட்டுக் குப்பையை அவர் மேசைக்கு மாற்றப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வந்த இரண்டு வருடங்களில் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன். புதிதாக உதவிக்கு வருகிறவர்கள் எல்லாரும் தடுமாறுவதும் அந்த வரிசையில்தான். யாருக்குக் கொடுக்கலாம் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் பிரிக்க வேண்டும், அடுத்தது கழுவுவது, பிறகு பவர் அளப்பது, பேசிவிட்டுக் கொடுப்பது, மீதியைக் கழற்றிப் போடுவது. இந்த வரிசையில் போனால் இருபது கண்ணாடியை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கண்ணாடிக் கடைகளில் கிடைக்கும் சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று, பாத்திரம் கழுவும் திரவ சோப்பு, பழைய டூத் பிரஷ், மெல்லிய பருத்தித் துணி, காகித டேப், பேனா, ஒரு காந்தம், நிறையப் பழைய செய்தித்தாள், மூன்று நான்கு டப்பாக்கள். கண்ணாடிச் சில்லு இருக்கும் என்றால் தடித்த கையுறையும் வேண்டும்.

வெள்ளை நிறத் தாம்பாளம் ஒன்று இருந்தால் அதன்மேல் வைத்து வேலை செய்யுங்கள். பிரேம் திருகு எள்ளை விடச் சிறியது, தரையில் விழுந்தால் கிடைக்காது. நல்ல பிரேம் ஒன்று திருகு தொலைந்த ஒரே காரணத்தால் குப்பைக்குப் போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

2. முதலில் ஆபத்தானவற்றை எடுத்து வையுங்கள்

உடைந்த லென்ஸ் இருந்தால் அதை முதலில் செய்தித்தாளில் மடித்துத் தனியே வையுங்கள். அடுத்ததாக பேட்டரி உள்ளவை. ஸ்பீக்கர், கேமரா வைத்த ஸ்மார்ட் கண்ணாடிகளின் காதுக் கம்பிக்குள் லித்தியம் பேட்டரி இருக்கும். கம்பி கொஞ்சம் புடைத்திருந்தால் அதை வளைக்கவோ, குத்தவோ, சார்ஜ் போட்டுப் பார்க்கவோ கூடாது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: தாத்தா பாட்டி காலத்து பிளாஸ்டிக் பிரேம்கள். கட்டைவிரலால் பிரேமைப் பத்து நொடி அழுத்தித் தேய்த்து, சூடு ஏறியதும் முகர்ந்து பாருங்கள். சூடம் வாசனை வந்தால் அது செல்லுலாய்டாக இருக்கும். கற்பூரம் சேர்த்துத் தயாரித்த பழைய பிளாஸ்டிக், மிக எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பங்கரையிலும் வெயில் விழும் ஜன்னலிலும் வைக்காதீர்கள். தேய்க்காமலே, கூட்டைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அது அசிடேட் பிரேம். உள்ளேயே சிதைய ஆரம்பித்துவிட்டது, மேலே வெள்ளைப் பூச்சு மாதிரி படிந்திருக்கும். அதை யாருக்கும் கொடுக்க முடியாது, நல்ல பிரேம்களோடு சேர்த்தும் வைக்காதீர்கள்.

3. உங்களுக்கே மறுபடி பயன்படுமா என்று பாருங்கள்

பிரேம் நன்றாக இருந்து பவர் மட்டும் மாறியிருந்தால், அதே பிரேமில் புது லென்ஸ் போட்டுக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி. வீட்டில் வேறொருவருக்கும் போடலாம். காதுக் கம்பியின் உட்புறம் 52, 18, 140 என்பது போல மூன்று எண் இருக்கும். முதலாவது லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்கின் மேல் வரும் பாலத்தின் அகலம், மூன்றாவது கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். அவர் இப்போது போட்டிருக்கும் கண்ணாடியின் எண்களோடு ஒப்பிட்டால் பொருந்துமா என்பது கடைக்குப் போகும் முன்பே ஓரளவு தெரிந்துவிடும்.

கடையில் லென்ஸ் மாற்றச் சொல்லும்போது பழைய பிரேம் சூட்டில் உடையலாம் என்று எச்சரிப்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. கீல் பக்கம் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பழைய தங்க நிறக் கம்பி பிரேம் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். கம்பியின் உட்புறமோ பாலத்தின் பின்புறமோ "1/10 12கே ஜிஎஃப்" என்பது போல ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அந்த உலோகத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கம் என்று அர்த்தம். பெரியவர்களைக் கேட்காமல் அதைக் கழிக்காதீர்கள்.

4. கையாலேயே ஒரு முதல் சோதனை

கடைக்காரர் நேரத்தை வீணாக்காமல் இருக்க, லென்ஸ் எந்த வகை என்று வீட்டிலேயே பிரித்துவிடலாம். இதற்குக் கருவி வேண்டாம், தூரத்தில் ஒரு நேர்க்கோடு போதும். எதிர்வீட்டுத் தூணோ ஜன்னல் சட்டமோ எதுவானாலும் சரி.

கண்ணாடியை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸ் வழியாகத் தூணைப் பாருங்கள். கண்ணாடியை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். லென்ஸுக்குள் தெரியும் தூணும் வலப்பக்கமே நகர்ந்தால் அது மைனஸ், கிட்டப்பார்வைக்கானது. எதிர்ப்பக்கம் ஓடினால் பிளஸ், தூரப்பார்வைக்கோ வெள்ளெழுத்துக்கோ போட்டது. நகரவே இல்லை என்றால் பவர் இல்லை, அல்லது மிகக் குறைவு.

இப்போது அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றுவது போல லென்ஸை லேசாகத் திருப்புங்கள். உள்ளே தெரியும் தூண் சாய்ந்தால் அதில் சிலிண்டர் பவர் இருக்கிறது. சிலிண்டர் என்பது ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு வெட்டியது, அந்தக் கோணம் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் சிலிண்டர் உள்ள கண்ணாடி இன்னொருவருக்கு அப்படியே பொருந்துவது ரொம்ப அபூர்வம்.

கீழ்ப்பாதியில் பிறை வடிவக் கோடு தெரிந்தால் பைஃபோகல். கோடு இல்லாமல், மேலே பார்த்தால் ஒரு பவரும் கீழே பார்த்தால் வேறொரு பவருமாக இருந்தால் புரோகிரசிவ். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் லென்ஸில் இரண்டு மெல்லிய குறிகள், 34 மி.மீ. இடைவெளியில் பொறித்திருக்கும். புரோகிரசிவ் லென்ஸ் அதைப் போட்டவரின் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் பிரேம் உட்காரும் உயரத்தையும் அளந்து பொருத்தியது. விலை பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தாலும் தானத்துக்கு அது உதவாது என்று சொன்னால் பலருக்கு மனம் ஒப்பாது. லென்ஸை எடுத்துவிட்டு பிரேமை மட்டும் கொடுங்கள்.

5. கழுவுவது

பிரித்த பிறகுதான் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் கழுவிவிட்டு அப்புறம் பிரித்தால் பாதி உழைப்பு வீண். அதே சமயம் அளப்பதற்கு முன் கழுவியே ஆக வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கருவியில் குறி தெளிவாக விழாது.

சாதாரணத் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, விரல் நுனி. இவ்வளவு போதும். வெந்நீர் பட்டால் லென்ஸ் மேல் உள்ள பூச்சு வலை போல வெடிக்கும். நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோன் அசிடேட் பிரேமைக் கரைத்துவிடும். ஸ்பிரிட்டும் வேண்டாம், பிரேம் வெளிறிப்போகும். காய்ந்த தூசியோடு சட்டை நுனியால் துடைப்பதுதான் கீறல் விழ முக்கியக் காரணம், தண்ணீரில் காட்டிவிட்டுத் துடையுங்கள். மூக்குத் தாங்கி அருகே பச்சையாகப் படிந்திருப்பது உலோகத்தில் உள்ள தாமிரம் வியர்வையோடு சேர்ந்து வருவது. பிரஷில் சோப்பு போட்டுத் தேய்த்தால் போய்விடும். தாங்கி மஞ்சளாகி இறுகியிருந்தால் மாற்றிவிடுங்கள், செலவு மிகக் குறைவு.

6. பவரை அளந்து எழுதி ஒட்டுங்கள்

கழுவி, கீறல் இல்லாமல் தேறியதை மட்டும் தெரிந்த கண்ணாடிக் கடைக்கு எடுத்துப்போங்கள். லென்சோமீட்டரில் ஒரு ஜோடியை அளக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போகாதீர்கள், வாடிக்கையாளர் இருப்பார்கள். நான் வார நாளில் காலை கடை திறந்த கையோடு போவேன். ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் நீட்ட மாட்டேன், செய்து தருகிறவருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வருவேன்.

காகித டேப்பில் வலது கண், இடது கண் என்று தனித்தனியாக பவரையும் சிலிண்டரையும் கோணத்தையும் எழுதி, காதுக் கம்பியில் சுற்றுங்கள். லென்ஸ் மேல் ஒட்டினால் பசை பூச்சைக் கெடுக்கும். சீட்டை உறைக்குள் தனியாகப் போடாதீர்கள். போன வருடம் உதவிக்கு வந்த கல்லூரிப் பையன் பதினெட்டுக் கண்ணாடிக்கு அழகான கையெழுத்தில் சீட்டு எழுதி உறைக்குள் போட்டிருந்தான். பேருந்தில் உறை கிழிந்து எல்லாம் கலந்துபோய், மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியதாகிவிட்டது.

7. எது யாருக்கு உதவும், எது உதவாது

இந்தப் பகுதியை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

2012இல் வெளியான ஓர் ஆய்வில், தானமாக வந்த கண்ணாடிகளிலிருந்து ஒரு பகுதியை எடுத்து ஆராய்ந்தபோது பயன்படுத்தத் தக்கவையாக இருந்தவை வெறும் 7 சதவீதம். அவற்றைப் பிரித்து, அளந்து, அனுப்பிவைக்க ஆன செலவில் புதுக் கண்ணாடியே வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் அதன் முடிவு. பார்வையிழப்புத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பான ஐஏபிபியும் பழைய கண்ணாடிகளை விநியோகிக்கும் முறையைப் பரிந்துரைப்பதில்லை. மதுரை அரவிந்த் மாதிரி மருத்துவமனைகள் முகாமிலேயே பரிசோதித்து, பலருக்கு அங்கேயே புதுக் கண்ணாடி பொருத்திக் கொடுத்துவிடுகின்றன. நம் பழைய கண்ணாடி அதற்கு ஈடாகாது.

அப்படியானால் எதைக் கொடுக்கலாம்? இரண்டு கண்ணுக்கும் ஒரே பிளஸ் பவர், சிலிண்டர் இல்லை, +1 முதல் +3 வரை, கீறல் இல்லை. இந்த வகைப் படிக்கிற கண்ணாடிதான் உண்மையில் கை மாறிப் பயன்படும். பூக்கட்டும் அம்மா, தையல்காரர், அரிசியில் கல் பொறுக்குகிறவர் என்று கிட்டத்தில் பார்த்து வேலை செய்கிற யாருக்கும் நாற்பது வயதுக்கு மேல் இது தேவை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு இப்படிக் கிட்டப் பார்க்கும் கண்ணாடி கொடுத்தபோது, கொடுக்காதவர்களை விட அவர்கள் பறித்த அளவு சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. ஆனாலும் இதையும் நேரடியாகக் கையில் கொடுக்காதீர்கள். வெள்ளெழுத்து என்று நினைத்துக்கொண்டிருப்பது கண்புரையாகவோ கண்ணழுத்த நோயாகவோ இருக்கலாம், நீங்கள் கொடுத்த கண்ணாடியில் கொஞ்சம் தெரிகிறது என்பதாலேயே அவர் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவார். பரிசோதனைக்கு அழைத்துப்போங்கள், அங்கே எழுதிக் கொடுக்கும் பவர் உங்களிடம் இருந்தால் கொடுங்கள்.

குழந்தைகளுக்குப் பழைய பவர் கண்ணாடியே கூடாது. பார்வை வளரும் வயதில் தவறான பவரைப் போட்டால் அந்தக் கண் சோம்பிவிடக்கூடும்.

அப்புறம், பீரோவில் கிடக்கும் அந்த மிகத் தடித்த பிளஸ் கண்ணாடிகள். கண்புரை அறுவைக்குப் பிறகு விழிக்குள் லென்ஸ் வைக்காத காலத்தில் போட்டவை அவை. மதுரை ஆரோலேப் 1992 முதல் உள்விழி லென்ஸ் தயாரித்து வருகிறது, இன்று கண்புரை அறுவை என்றாலே உள்ளே லென்ஸ் வைத்துவிடுகிறார்கள். அதனால் அந்தத் தடித்த கண்ணாடிக்கு ஆள் கிடைப்பது மிகக் கடினம். நினைவுக்காக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பத்தாவது படிக்குப் போங்கள்.

8. கூலிங் கிளாஸுக்குத் தனிக் கணக்கு

பவர் இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாததை விடக் கெடுதல் செய்யலாம். இருட்டாக இருப்பதால் கண்மணி விரிகிறது, விரிந்த கண்மணி வழியாகக் கதிர் அதிகமாக உள்ளே போகிறது. "யுவி 400" என்ற குறி இருந்தாலும் மலிவுக் கடைச் சரக்கில் நம்ப முடியாது. சில கண்ணாடிக் கடைகளில் இதைச் சோதிக்கும் சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள், பவர் அளக்கப் போகும்போதே கேளுங்கள்.

மடிக்கணினித் திரைக்கு முன் பிடித்துத் திருப்பும்போது ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போனால் அது போலரைஸ்டு லென்ஸ். இது கண்கூச்சத்தைக் குறைக்குமே தவிர, புற ஊதாவைத் தடுப்பதற்குச் சான்று ஆகாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தேறியவற்றை வெயிலில் நிற்கிறவர்களுக்கு, அதாவது சாலை வேலை செய்கிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், இருசக்கர வண்டியில் பொருள் கொண்டுபோகிறவர்கள், கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். கண்புரை அறுவை முடிந்ததும் மருத்துவமனையில் தரும் கறுப்புக் கண்ணாடி ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். அதை இன்னொரு அறுவை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள், ஆறாத கண்ணில் தொற்று வரக்கூடாது. பொம்மைக் கடைக் கண்ணாடிகளும் கொடுப்பதற்கு இல்லை.

9. பேசிவிட்டுப் போங்கள்

லயன்ஸ் சங்கங்கள் பல நாடுகளில் பழைய கண்ணாடி சேகரிக்கின்றன, நம் ஊர்களிலும் கிளைகள் இருக்கின்றன. எல்லாக் கிளையும் எல்லா நேரமும் வாங்காது. சில கண் மருத்துவமனைகளும் கண்ணாடிக் கடைகளும் வாங்குவது உண்டு. போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: பவர் எழுதியதை மட்டும் வாங்குவீர்களா, லென்ஸ் இல்லாத வெறும் பிரேம் வேண்டுமா, எத்தனை வரை வாங்குவீர்கள். இரண்டாவது கேள்வியை மறக்காதீர்கள், நல்ல வெறும் பிரேமை விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு. கண்ணாடி பொருத்தக் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கு உடைந்த பிரேம் கூடப் பயிற்சிக்கு ஆகும்.

கட்டும்போது ஒவ்வொன்றையும் மடித்து, துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றி, லென்ஸ் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்குங்கள். பெட்டிமேல் "படிக்கிற கண்ணாடி 9, வெறும் பிரேம் 14" என்று எண்ணிக்கையை எழுதுங்கள். வாங்குகிறவர் திறந்து பார்க்காமலே எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

10. மீதியைக் கழற்றுவது

கொடுக்க முடியாததை முழுதாகக் குப்பையில் போட்டால் அதில் எதுவும் மீளாது. லென்ஸ், உலோகம், பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றோடொன்று பூட்டிக் கிடப்பதால் பிரிக்கிறவர்கள் அப்படியே தள்ளிவிடுவார்கள்.

கம்பி பிரேமில் கீல் பக்கம், லென்ஸ் வளையம் சேரும் இடத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கழற்றினால் வளையம் விரிந்து லென்ஸ் தானாக வந்துவிடும். பிளாஸ்டிக் பிரேமை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, இரண்டு கட்டைவிரலாலும் பின்பக்கமிருந்து முன்பக்கமாக லென்ஸைத் தள்ளுங்கள். பாதி விளிம்பு மட்டும் உள்ளதில் கீழே நைலான் நூல் பிடித்திருக்கும், ஒரு மெல்லிய ரிப்பனை நூலுக்குள் விட்டு இழுத்தால் கழன்றுவிடும். எடுத்த திருகுகளையும் மூக்குத் தாங்கிகளையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்தால் அடுத்த முறை எதையாவது சரிசெய்ய உதவும்.

11. எது எங்கே போகும்

காந்தத்தில் ஒட்டும் கம்பி பிரேம் ஒரு பையில், ஒட்டாதது இன்னொரு பையில். ஒட்டாததில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டைட்டானியம், அலுமினியம், நிக்கலும் தாமிரமும் கலந்த மோனல் எல்லாம் வரும். லென்ஸ் இல்லாத பிரேம் ஒன்று பதினைந்து கிராம் சுமாருக்குத்தான் இருக்கும், பழைய இரும்புக் கடையில் ஒன்றிரண்டை நீட்டினால் தராசில் வைக்கவே மாட்டார்கள். அதனால்தான் குடியிருப்பாகச் சேர்ந்து சேகரிக்கச் சொல்கிறேன். ஐம்பது அறுபது சேர்ந்து, வேறு பழைய உலோகத்தோடு போனால் வாங்கிக்கொள்வார்கள்.

லென்ஸில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நகத்தால் தட்டிப் பாருங்கள். சில்லென்று குளிர்ந்து, கனத்து, கணீரென்று ஒலித்தால் நிஜக் கண்ணாடி. அதைப் பாட்டில்களோடு சேர்க்கக் கூடாது, கலவையும் உருகும் பதமும் வேறு என்பதால் உருக்கும்போது அந்தத் தொகுதியையே கெடுக்கும். செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, டேப் ஒட்டி, "கண்ணாடி" என்று மேலே எழுதித் தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். பைக்குள் மறைத்துப் போட்டால் அவர் கைதான் கிழியும்.

மற்றவை பெரும்பாலும் சிஆர்-39 என்ற பிளாஸ்டிக். பார்க்கப் பிளாஸ்டிக்தான், ஆனால் வெந்த முட்டை மறுபடி திரவமாகாதது போல இதுவும் ஒருமுறை இறுகினால் திரும்ப உருகாது. மெல்லிய உயர்ரக லென்ஸ்களும் அப்படியே. பாலிகார்பனேட் மட்டும் உருகும், ஆனால் வீட்டிலிருந்து வரும் சொற்ப அளவை மேலே பூச்சோடு தனியாக வாங்க ஆள் கிடைப்பது கடினம். ஆகவே லென்ஸ் உலர் கழிவில்தான் போகும். பிளாஸ்டிக் பிரேமும் அப்படியே. மறுசுழற்சி ஆகிவிடும் என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். இதனால்தான் மூன்றாவது படியில், அதே பிரேமை மறுபடி பயன்படுத்தச் சொன்னேன்.

பேட்டரி உள்ளவை மின்னணுக் கழிவு. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இவை போக வேண்டும். செல்போன், சார்ஜர் சேகரிக்கிற இடத்திலேயே கொடுத்துவிடலாம்.

12. போகித் தீயில் போடாதீர்கள்

ஒவ்வொரு வருடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிளாஸ்டிக், டயரை எரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. கண்ணாடி சின்னதாக இருப்பதால் இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று பாயோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். இப்போதைய இலகுவான பிரேம்களில் பல நைலான் வகை, அது எரிந்தால் புகையில் சயனைடு வாயு சேரும். மெல்லிய உயர்ரக லென்ஸ்களில் கந்தகம் உண்டு. கடையில் அதைத் தேய்க்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். இரண்டாவது படியில் சூடம் வாசனை அடித்த அந்தச் செல்லுலாய்டு பிரேம் தீயில் விழுந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும், சுற்றி நிற்பது குழந்தைகள்.

எங்கள் குடியிருப்பில் போகிக்கு ஒரு வாரம் முன்பே லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு வாளியை வைத்து, "கண்ணாடியை இதில் போடுங்கள், கூட்டோடு போடுங்கள்" என்று எழுதி மாட்டிவிடுகிறோம். கூட்டோடு என்று எழுதாத வருடம் வந்த லென்ஸ்களில் பாதிக்கு மேல் வாளிக்குள்ளேயே ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழுந்தன.